மணிக்கூண்டிலிருந்து குதிக்காதவர்

1928 மார்ச் 4 — 18,400
1934 நவம்பர் 19 — 41
1952 ஆகஸ்ட் 3 — 6½
1981 ஜூன் 1 — 310
2012 பிப்ரவரி 12 — 280

முதல் தொகை எங்கள் ஊர் மணிக்கூண்டுக் கடிகாரத்தின் விலை. இரண்டாவது, அதை ஆறு வருடம் பராமரித்த கடிகாரக்காரரின் கடைசிச் சம்பளம். மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன். நான்காவது, அதே மணிக்கூண்டில் சீட்டுக் கிழித்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் சேர்ந்த என் மச்சானின் முதல் மாதச் சம்பளம். ஐந்தாவது, மச்சான் மாட்டிக்கொண்ட அந்த ஒரு சுற்றின் வசூல்: பதினான்கு பேர், ஆளுக்கு இருபது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஊரில் அவருக்கு ‘ஏழு நிமிஷம்’ என்று பெயர். அவர் சொன்ன கதையால் வந்த பெயர் அது. ஒரு பெரிய அதிகாரி ஊருக்கு வந்த அன்று கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கிவிட்டது. அதிகாரி எல்லார் முன்னாலும் கடிகாரக்காரரை ஏசினார். அவர் பதில் பேசாமல் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினார். இறங்குவதற்குப் படிகள் தேவைப்படவில்லை.

இதை மச்சான் தவணை முறையில் சொல்வார். நாற்பதாவது படியில் ஏச்சு, எண்பதாவது படியில் கண்ணீர், உச்சியில் மௌனம். கூட்டத்துக்கும் மூச்சு வாங்க இடம் கிடைக்கும். கீழே வந்ததும் வாசற்கல்லில் உள்ள சிவப்புக் கறையைக் காட்டுவார். புதிதாக ஒரு வரி தோன்றினால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஒத்திகை. “அண்ணா, சாப்பாடு ஆறுது. அவரை அப்புறமா தள்ளிவிடலாம்” என்பாள் என் மனைவி.

ஊர் அலுவலகத்தின் ஆவண அறை என் பொறுப்பில் இருந்தது. 1983இல் பழைய சம்பளப் பேரேடு ஒன்றைத் தூசி தட்டும்போது கடிகாரக்காரரின் பெயரைப் பார்த்தேன். அதன் மேல் சிவப்புக் கோடு. எங்கள் அலுவலக வழக்கப்படி, வேலையை விட்டுப் போனவர் பெயரை நீல மையால் அடிப்போம். இறந்தவர் பெயரைச் சிவப்பு மையால். அன்று மாலையே மச்சானிடம் சொன்னேன். அதுவரை கதையின் நடுவே “அப்படித்தான் சொல்லிக்கறாங்க” என்று ஒரு வார்த்தை போட்டுக்கொண்டிருந்தவர், மறுநாளிலிருந்து அதை எடுத்துவிட்டு “ஆவணத்துலயே இருக்கு” என்று சொல்ல ஆரம்பித்தார்.

2012 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. பதினான்கு பேரில் ஒருவர் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள். உச்சிவரை ஏறி, முழுக் கதையையும் கேட்டு, இறங்கி, கறை பக்கத்தில் நின்று பேசினார்.

“அவர் என் தாத்தா. எங்க வீட்டுக் கட்டில்ல, எழுபத்தெட்டு வயசுல கண்ணை மூடினார். நான் பக்கத்துல இருந்தேன். நீங்க அவரை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொல்றீங்க?”

மச்சானுக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பழக்கம்.

“நாலு தடவைங்க. ஞாயித்துக்கிழமை ஆறு.”

அந்த அம்மாள் சீட்டின் பின்பக்கம் தன் விலாசத்தை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மச்சான் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. “மாப்பிள்ளை, நீங்க சொன்னதை நம்பித்தானே அடிச்சுப் பேசினேன். நாளைக்கு மேலே ஏறி நான் என்னத்தைச் சொல்றது?” என்றார். பதினாறு நாள் அவர் சீட்டு மட்டும் கிழித்தார். கதை கேட்டவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்றார். எனக்குத் தெரிந்து அந்த மனிதருக்குச் சம்பளம் இரண்டாம்பட்சம். அந்தப் படிகளில் நின்று பேசுவதுதான் பிழைப்பு.

ஓய்வு பெற்றுவிட்டாலும், அனுமதி வாங்கி ஆவண அறைக்குப் போனேன். அதே பக்கத்தில் ஒரு பெருக்குபவரின் பெயர்மேலும் சிவப்புக் கோடு இருந்தது. அடுத்த மாதம் வேறு பிரிவில் அவர் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியிருக்கிறார். சாமான் இருப்புப் புத்தகத்தை எடுத்தேன். நவம்பர் 12: நீல மை தீர்ந்தது. நவம்பர் 26: நீல மை வந்தது. இடையில் பேரேடு எழுதியவர் கையில் இருந்த மையால் அடித்திருக்கிறார். 1983இலேயே நான் பக்கத்து வரியைப் பார்த்திருக்க வேண்டும்.

மற்றவையும் அங்கேயே இருந்தன. அந்த வருடம் எந்தப் பெரிய அதிகாரியும் வரவில்லை. ஏழு நிமிடம் பின்தங்கியது உண்மை. நிமிட முள்மேல் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்ததுதான் காரணம் என்று கடிகாரக்காரரே குறித்திருக்கிறார். அவருடைய விலகல் கடிதம் நாலே வரி. முழங்கால் வலி தாங்கவில்லை, வெளியூரில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைக்கப்போகிறேன், கடை தரைத்தளத்தில் இருக்கிறது. மூன்றாவது தொகை, இரும்புக் கதவுக்கு வாங்கிய இரண்டு டப்பா சிவப்புப் பூச்சின் விலை. கல்லில் சிந்தியது அதுதான்.

எல்லாவற்றையும் மச்சானிடம் படித்துக் காட்டினேன். மனைவி அடுக்களையிலிருந்தே, “ஒரு மைப்புட்டி வரலைன்னு ஒரு மனுஷனையே கொன்னுட்டீங்களே” என்றாள். பதினாறு நாளுக்குப் பிறகு மச்சான் சிரித்தார்.

புதுக் கதை முதலில் எடுபடவில்லை. ஒருவர் குதித்த கதைதான் வேண்டும் என்று சீட்டுக் காசைத் திருப்பிக் கேட்டார். மச்சான் விடவில்லை. நாற்பதாவது படியில் புறா, எண்பதாவது படியில் முழங்கால் என்று மாற்றிக்கொண்டார். தங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம் அங்கே தானாகச் சிரித்தது. கறையிடம் வந்ததும், “இது கதவுக்கு அடிச்ச பூச்சுங்க. முப்பது வருஷமா அவரைக் கொன்னது நான்தான். சாட்சி சொன்னது எங்க மாப்பிள்ளை” என்பார். நான் அங்கே நின்றால் கையைக் காட்டவும் செய்வார்.

அந்த அம்மாளுக்கு மன்னிப்புக் கேட்டு, விலகல் கடிதத்தின் நகலையும் வைத்து எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். நான்காவது கடிதத்துக்கு ஒரு வரி வந்தது: “நூற்றுப் பன்னிரண்டு இல்லை, தாத்தா எப்போதும் நூற்றுப் பதினொன்று என்பார்.” நாங்கள் இருவரும் போய் இரண்டு தடவை எண்ணினோம். மச்சான் இத்தனை வருடமாக வாசற்கல்லையும் படியாக எண்ணிவந்திருக்கிறார். அதையும் ஒப்புக்கொண்டு ஐந்தாவது கடிதம் எழுதினார். 2013 மே 31இல் ஓய்வு பெறுகிறேன், அன்று மாலைச் சுற்றுதான் கடைசி என்றும் சேர்த்திருந்தார்.

அதன்பிறகு தபால்காரர் வரும் நேரத்தில் சீட்டு மேசையை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. ஒருநாள் அந்த அம்மாளின் கடிதம் வந்தது. பிரிக்கத் தைரியம் இல்லாமல் என்னிடம் கொண்டுவந்தார். நான் படித்தேன்: “31ஆம் தேதி மாலைக்கு எனக்கு ஒரு சீட்டு எடுத்து வையுங்கள். தாத்தா படிவழியாக இறங்குவதை நானும் பார்க்க வேண்டும். என் முழங்காலும் அவருடையதுதான். மெதுவாக ஏறலாம்.”

கடிதம் வந்து சேர்ந்தது 2013 மே 29. கடைசிச் சுற்றுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.