தொண்ணூற்றேழோடு நிறுத்தியவன்

பத்து லட்சத்து ஒன்று. இந்த எண்ணை நினைத்தாலே எனக்குக் குமட்டும். எண் மேல் ஒரு குற்றமும் இல்லை. குமட்டுவது என்னை நினைத்துத்தான்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் ஏதாவது ஒரு பாடத்தில் முப்பத்தைந்து எடுக்காத பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டுமே! வயலில் களை பறிப்பது மாதிரி பிள்ளைகளைப் பறித்துப் போடுவார்கள். அதற்குக் கேள்வித்தாள் தயாரித்துக் கொடுத்தவன் நான்.

அந்த வருடம் ஒரு மதிப்பெண் கேள்வியாக, 1000001 பகா எண்ணா, பகு எண்ணா என்று கேட்டிருந்தேன். கேட்பதற்கு முன் நானும் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று வகுத்துக்கொண்டே தொண்ணூற்றேழு வரை போனேன். எதில் வகுத்தாலும் மீதி வந்தது. ஆயிரம் வரைக்கும் பார்த்திருக்க வேண்டும், அது எனக்குத் தெரியும். இரண்டிலக்க எண்கள் தீர்ந்ததே போதும் என்று சோம்பேறித்தனமாக எழுந்துவிட்டேன். விடைக்குறிப்பில் ‘பகா எண்’ என்று எழுதினேன்.

திருத்தும்போது ஒரு பெண்ணின் தாள் வந்தது. பெரிய கணக்குகளில் பாதியைத் தொடவேயில்லை. கடைசிப் பக்கம் முழுக்க இந்த ஒரு மதிப்பெண்ணோடு மல்லுக்கட்டியிருந்தாள். என்னைப் போலவே தொண்ணூற்றேழு வரை வந்திருந்தாள். அதற்கடுத்த பகா எண் நூற்றொன்று. அங்கே மீதி இல்லை. 101 × 9901. ‘பகு எண்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மொத்தத்தைக் கூட்டினேன். இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் முப்பத்து நான்கு.

முதல்வரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“கீ போட்டது யாரு சார்?”

“நான்தாங்க மேடம்.”

“இப்ப மாத்துனா சென்டம் வாங்குன மூணு பேருக்கும் ஒரு மார்க் போயிடும்.”

“ரெண்டு விடைக்கும் மார்க் போட்டுடலாங்களே.”

“போடலாம். கணக்கு வாத்தியாருக்கே கணக்கு தெரியலைன்னு ஊரெல்லாம் சொல்லும். உங்களுக்குப் பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. திரும்பி வந்து சிவப்புப் பேனாவால் தப்புப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிகிறது, கொஞ்சம் வெட்கங்கெட்டவனாக இருந்தால் போதும்.

டி.சி. வாங்க அவளுடைய அப்பா வந்தார். குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். திருத்திய தாளைக் கையில் வைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் நின்றாள்.

“சார், இந்த ஒரு கணக்கு சரிதான்னு வீட்டுல ஒரே அழுகைங்க. நாலு தடவ போட்டுக் காட்டுது. எனக்கு என்னங்க தெரியும்? நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா அதுக்கு மனசு ஆறிடும். சரிங்களா, தப்புங்களா?”

அவள் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்புதான்” என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். “கேட்டியா? சாரே சொல்லிட்டாரு. வா” என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.