ஆனித் தேரும் ‘சார்’ மாப்பிள்ளையும்

என் மாமனாருக்கு இரண்டு மருமகன்கள். மூத்தவன் நான். என்னை ‘மாப்ள’ என்பார். இளையவர் ஜெரால்டு. அவரை ‘சார்’ என்பார். “பேங்க்ல பெரிய வேலைல இருக்கறவரு, வேற எப்டி கூப்புடறது?” என்று அதற்கொரு காரணமும் வைத்திருக்கிறார்.

உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும். ஜெரால்டு கிறிஸ்தவர். மாமனார் கல்யாணத்துக்கு வந்தார், வாழ்த்தினார், சாப்பிட்டார். ஆனால் தன் ஊரான திட்டக்குடியில் யாராவது சின்னப் பெண்ணைப் பற்றி விசாரித்தால், “கடலூர்ல குடுத்திருக்கேன்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். மாப்பிள்ளையின் பேரை ஊரார் யாரிடமும் அவர் சொன்னதே இல்லை. என் மைத்துனி ரேவதிக்கு இப்போது ஏழாம் மாதம். “பொறக்கப்போற புள்ளையோட அப்பா பேரையும் இப்டித்தான் முழுங்குவாரா மாமா?” என்று என்னிடம் கேட்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன், குடும்பத்தோடு சிதம்பரம் ஆனித் தேர். மாமனார் எந்த வருஷமும் தவறவிடாத ஒரே விஷயம் அது. இந்த முறை தேர் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது இன்னும் வசதி. திட்டம் போடுவதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன். தற்பெருமை இல்லை, என் மனைவி கவிதாவே ஒப்புக்கொள்வாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து காரில் நாங்கள் நால்வரும் கிளம்பினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் இட்லிக்கு நிறுத்தியும் ஒன்றரை மணி நேரம்தான். மேலவீதி லாட்ஜில் இரண்டு அறைகள். திருவிழா நாளில் வாடகை இரண்டு மடங்கு, அறைக்கு 2,200 ரூபாய். பத்து நாள் முன்னதாகவே சொல்லி வைக்காவிட்டால் அதுவும் கிடைக்காது. வெயில் ஏறுவதற்குள் பிச்சாவரம் போய்ப் படகில் ஒரு சுற்று சுற்றினோம். ரேவதி மட்டும் கரையில் உட்கார்ந்து மாங்காய்க் கீற்றுகளைக் காலி செய்தாள்.

சாயங்காலம் ஜெரால்டு சிதம்பரத்திலேயே ஒரு மாதா கோயிலில், ஞாயிறு பூசைக்குப் பதிலாகச் சனிக்கிழமைப் பூசையை முடித்துவிட்டு வந்தார். விருத்தாசலம் வழியாக பஸ்ஸில் மாமனாரும் வந்து சேர்ந்தார். பெண்களுக்கு ஓர் அறை, ஆண்கள் மூவருக்கும் ஓர் அறை என்று நான்தான் பிரித்தேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தால் பேச்சு வராமலா போகும்? வந்தது. “சார், ஃபேனைக் கொஞ்சம் ஜாஸ்தி வெக்கலாமா?” அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கீழவீதியில் நிற்க இடமில்லை. விநாயகர், முருகன், நடராஜர், அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள். தேருக்கு முன்னால் பெண்கள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டே போகிறார்கள், அதன்மேல் சக்கரம் ஏறி வருகிறது. அம்பாள் தேரைப் பெண்களே இழுப்பது இங்கே வழக்கம். கவிதா சேலையைச் சொருகிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிவிட்டாள். ரேவதி லாட்ஜ் ஜன்னலில்.

மாமனார் நடராஜர் தேரின் வடத்தைப் பிடித்தார். பிடித்தால் மேலவீதி திரும்பும் வரை விடக்கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஜெரால்டு. தெற்கு வீதி பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. நான் வடத்தை விட்டு ஓரமாக நடந்தேன். ஜெரால்டு என் இடத்துக்கு வந்தார். அவருக்கு இது புதிதில்லை. சின்ன வயதிலிருந்து மாதா கோயில் தேரை இழுத்தவர்.

மேலவீதி முனையில் தேரைத் திருப்ப முட்டுக்கட்டை போட்டு நிறுத்தினார்கள். மறுபடி இழுக்கும்போது வடம் சட்டென்று உள்பக்கம் சாய, மாமனார் தடுமாறினார். ஜெரால்டு ஒரு கையால் வடத்தையும் ஒரு கையால் அவர் இடுப்பையும் பிடித்து நிறுத்தினார். “மாமா, வெளிப்பக்கம் வந்துருங்க!” மாமனார் வெளிப்பக்கம் மாறிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்: “இழு மாப்ள! வுடாத, இழு!”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, லாட்ஜ் படி ஏறி ரேவதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “வடத்தைப் புடிச்சா எல்லாரும் எல்லாரையும் மாப்ள, மச்சான்னுதான் கூப்புடுவாங்க. அதுல என்னா இருக்கு மாமா?” என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். எனக்கு முகம் தொங்கிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நான்கு வீதிக்குள் லாட்ஜ் எடுங்கள், காரை மட்டும் அங்கே விடாதீர்கள். தேர் நிலைக்கு வரும் வரை காரை வெளியே எடுக்க முடியாது. நாங்கள் இருட்டும் வரை மாட்டிக்கொண்டோம். பஸ் நிலையம் பக்கம் விட்டுவிட்டு நடந்து வருவதே நல்லது. செருப்பை அறையிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீர், மோர் வழியெங்கும் கொடுக்கிறார்கள், சுமக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் மாடியிலிருந்து பார்ப்பது உத்தமம்.

கார் வெளியே வர முடியாததால்தான் அந்தச் சாயங்காலம் ஐந்து பேரும் லாட்ஜ் வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது “என்னா, இங்கயா இருக்க?” என்று ஒருவர் வந்து மாமனாரின் தோளில் கை வைத்தார். திட்டக்குடியில் உரக்கடை வைத்திருப்பவர். காதில் விழுந்ததை நாலு பேரிடம் சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. என்னை அவருக்குத் தெரியும். ஜெரால்டைப் பார்த்து, “இது யாரு?” என்றார்.

ரேவதி குனிந்துகொண்டாள். ஜெரால்டு வேறெங்கோ பார்க்கும் பாவனையில் கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார்.

“சின்ன மாப்ள” என்றார் மாமனார். “ரேவதி ஊட்டுக்காரரு.”

“அப்டியா? பாத்ததே இல்லையே. பேரு என்னா?”

மாமனார் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஜெரால்டு” என்றார், பக்கத்து பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி. “மாதா கோயில்காரங்க. இன்னிக்கு என்கூடத்தான் தேர் இழுத்தாரு. ஆவணில வளைகாப்பு, குடும்பத்தோட வந்துரு. ஊர்லயும் சொல்லு.”

உரக்கடைக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். ரேவதி அழுதாள், டீக்கடை என்றும் பார்க்காமல். ஜெரால்டு தன் கைக்குட்டையை எடுத்தார். அவளிடம் நீட்டுவார் என்று நினைத்தேன். தன் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார்.