பேசாத படத்துக்குப் பேசினேன்

ஊமைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வது என் தொழில். திரையில் யார் தப்புச் செய்தாலும் ஏச்சு எனக்குத்தான். வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும். முப்பதுகளின் தொடக்கம். பட்டணத்தில் படங்கள் பேசத் தொடங்கிவிட்டன. தர்மபுரிப் பக்கத்து டெண்ட் கொட்டகைகளில் இன்னும் ஊமைதான். எங்கள் முதலாளியிடம் இருந்தது ஒரே படம். மறுமணத்துக்கு ஆசைப்பட்ட இளம் விதவை, ஊர்ப் பேச்சு தாங்காமல் ஆற்றில் விழும் கதை.

வெள்ளைச் சீலை

பாலக்கோட்டில் ஊர்ப் பெரியவர்கள் முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். விதவைக்குக் கல்யாண ஆசை என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் முன்னால் சொல்லக் கூடாதாம். "கன்னிப் பெண் என்று சொல்லிவிடு" என்றார் முதலாளி. சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்தாள்: "பொட்டில்லாம வெள்ளச் சீல கட்டிக்கினு நிக்கறா, கன்னிப் பொண்ணுங்கறீங்களே, எங்களுக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சுங்க?"

தொப்பூரில் நின்ற ஆர்மோனியம்

பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பவள் மாதம்மா. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். ஆர்மோனியம் வாசிக்கும் கோவிந்தன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தான். அவள் பதில் சொல்லவில்லை. படம் முடியும்போது, "தடம் மாறியவளுக்கு இதுதான் கதி" என்று நான் சொல்ல வேண்டும். முதலாளி உத்தரவு. அதைச் சொல்லும்போதெல்லாம் மாதம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்காது.

தொப்பூரில் ஆற்றங்கரைக் காட்சி வந்ததும் ஆர்மோனியம் நின்றுபோனது. கொட்டகை முழுக்க விசில். குனிந்து, "வாசிடா" என்றேன். கோவிந்தன் கையைக் கட்டிக்கொண்டான்.

"நீங்க அந்தப் பேச்ச நிறுத்துங்கண்ணா, நான் வாசிக்கறேன்."

ஏரியூர்

ஏரியூரில் படத்து விதவை ஆற்றில் குதித்தாள். திரையில் வெறும் தண்ணீர். பின்னால் முதலாளி நிற்கிறார். "நீந்தி அக்கரை சேர்ந்தாள், ஆசைப்பட்டவனையே கட்டிக்கொண்டு வாழ்ந்தாள்" என்று சொல்லிவிட்டேன்! ஆண்கள் பக்கம் கூச்சல். ஒரு மண்ணாங்கட்டி தோளில் வந்து விழுந்தது. பெண்கள் பக்கம் ஒருத்தி கைதட்டினாள். வாசலைப் பார்த்தேன். மாதம்மா வெளியே போகாமல் நின்றிருந்தாள்.

"இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்றார் முதலாளி. விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே கோவிந்தனும் மாதம்மாவும் மூட்டையோடு ஓடி வந்தார்கள். கோயிலில் தாலி கட்டிக்கொள்ளப் போகிறார்களாம். எனக்கோ மனசு ஆறவில்லை. "ஆற்றில் குதித்தவள் நிஜமாகவே பிழைத்திருப்பாளா, மாதம்மா?" என்று கேட்டேன்.

"செத்தாளோ பொழச்சாளோ, போவட்டுங்கண்ணா. பஸ்ஸு போயிடும், வெரசா வாங்க!"

வேலை போனாலும் ஊமைப் படத்தில் ஒரு நிம்மதி: நான் கரையேற்றிய கதாநாயகி, "இல்லை, நான் செத்துவிட்டேன்" என்று வாய் திறந்து மறுக்க மாட்டாள்.