ஜெயாவின் மடியில் சும்மாடு

மரக்காணம் உப்பளத்தில் பாஞ்சாலைக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அந்த வாய் மட்டும் இல்லையென்றால், எழுபத்து நாலில் அவள் மகள் ஜெயாவின் அழுகை ஊரூராய்க் காலண்டரில் தொங்கியிருக்கும்.

அந்தக் கோடையில் ஒரு உப்புக் கம்பெனியின் விளம்பரக் காலண்டருக்குப் படம் பிடிக்க மெட்ராஸிலிருந்து சிவஞானம் என்பவர் வந்தார். நான்கு வயது ஜெயாவைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பாஞ்சாலைக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக்கு எண்ணெய் தடவி வாரி, தீபாவளிக் கவுனை மாட்டிக் கூட்டி வந்தாள். அவரோ அதைக் கழற்றச் சொல்லி, அன்றாடம் உடுத்தும் கிழிசல் பாவாடையையே கட்டச் சொன்னார்.

"பாவமா இருந்தாத்தாம்மா பாக்கறவங்க மனசு உருகும். உருகினாத்தான் பாக்கெட்டு விக்கும். நீ கொஞ்சம் மறைஞ்சுக்கோ, அவ அழட்டும்."

பாஞ்சாலை அரைமனதாக உப்புக் குவியலுக்குப் பின்னால் போனாள். ஜெயா அழவில்லை. எப்படி அழுவாள்? உப்பு வாரப் பாத்தியில் இறங்கும்போதெல்லாம், கூடை சுமக்கத் தலையில் வைக்கும் துணிச் சும்மாட்டைப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டுத்தான் பாஞ்சாலை போவாள். சும்மாடு இங்கே இருந்தால் அம்மா திரும்பி வந்தாக வேண்டும். அது பிள்ளைக்குத் தெரியும். அன்றும் அது அவள் மடியில்தான் இருந்தது.

மேஸ்திரி பலராமன், பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, அதைச் சிவஞானத்திடம் சொல்லித் தொலைத்தான். அவர் சும்மாட்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜெயா வெறும் மடியைப் பார்த்தாள். பிறகு அழுதாள் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து.

அவர் கேமராவைத் தூக்குவதற்குள் பாஞ்சாலை ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அது எனக்காக அழுவுற அழுகைங்க. உங்க உப்புக்கு இல்ல. சும்மாட்டக் குடுங்க."

"நாளைக்கு வேலைக்கு வர வேணாமா?" என்று பலராமன் பல்லைக் கடித்தான்.

"நான் வர்றேன். எம்பொண்ணு அழுகை வராது."

சிவஞானம் பையிலிருந்து சும்மாட்டை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். உப்பு வாரும் பருவத்தில் அவளைப் போல ஒரு வேலையாளை இழக்க பலராமனுக்கு என்ன பைத்தியமா?

தை பிறந்ததும் டீக்கடையில் அந்தக் கம்பெனி காலண்டரை மாட்டினார்கள். யார் வீட்டுப் பிள்ளையோ, கன்னமெல்லாம் கண்ணீர். பார்த்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பாஞ்சாலையும் உச்சுக்கொட்டிவிட்டாள். எல்லாம் தெரிந்தும் கொட்டினோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"இந்தப் புள்ளைகிட்டேர்ந்து என்னத்தப் புடுங்கினாங்களோ" என்றாள்.

இடுப்பில் ஜெயா, புதுத் தீபாவளிக் கவுனில், பொறை ரொட்டி கடித்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலை அவளைக் கடைத்தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, எல்லாரும் பார்க்கும்படி, தலைநிமிர்ந்து தூக்கிப் போனாள்.