அக்குறணையில் வாங்கிய ரேசிங் சைக்கிள்

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்த வருடம், வத்தேகம பக்கமிருந்து கண்டிக்கு ஓடிய பஸ்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. நான் கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். ஒரு காலை, பஸ் மிதிபலகையில் ஒற்றைக் காலில் நின்றபடி மடவளையைத் தாண்டும்போது, வளைந்த ஹேண்டில் வைத்த சைக்கிளில் ஒரு பெண் எங்களை முந்திக்கொண்டு போனாள். அதுபோல ஒன்று வாங்குவதென்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கையில் இருந்தது சீட்டு விழுந்த காசு மட்டும். கண்டியில் புதிதாக வாங்க அது போதவில்லை. ஜப்பானில் ஓடிப் பழசானவை அக்குறணையில் மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிட்டோம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கணவரிடம், "ஒங்களுக்கு என்ன சைஸ் வேணும்?" என்றார்.

"எனக்கில்ல, இவளுக்குத்தான்."

வரிசையில் நின்ற ஒரு சிவப்புச் சைக்கிள் என் கண்ணைப் பறித்தது. ஒரு கீறல் இல்லை. விலையும் கைக்குள் அடங்கியது.

"ஓட்டிப் பாக்கலாமா நானா?"

"தாராளமா ஓட்டுங்க தங்கச்சி. இவர் இங்க ஈக்கட்டும்," என்று கணவருக்கு உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிணைக்குத்தான் என்பது மூவருக்கும் புரிந்தது.

சைக்கிளின் இருக்கையை முழுதாக இறக்கியும் கால் நுனிதான் தரையில் பட்டது. பழகிவிடும் என்று நினைத்தேன். இறக்கம் தொடங்கியதும் பிரேக்கைத் தேடினேன். விரல் நுனி தொட்டதே தவிர அழுத்த எட்டவில்லை. எதிரே லொறி. இடப்பக்கம் ஒரு கடை வாசலில் ஸ்பொஞ்ச் மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். யோசிக்கவில்லை, சைக்கிளை அவற்றுக்குள் விட்டேன்.

ஓடி வந்த மெத்தைக் கடைக்காரர் என்னைத் தூக்கி நிறுத்தி, "அடி பட்டிச்சா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கத் தொடங்கினார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பியபோது கணவர் என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். "வேணாம். நம்ம பஸ்லயே போவோம்."

"சைக்கிள் வேணாம்னு சொல்லல. இது வேணாம்," என்றேன்.

அதன் பிறகு நிறத்தைப் பார்க்கவில்லை. கணவர் பின்னால் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் உயரமான ஆண்களுக்கானவை. கடைசியில், சாக்குகளுக்குப் பின்னால், பச்சையா சாம்பலா என்று தெரியாதபடி பெயின்ட் வெளுத்த ஒன்று கிடந்தது. கால் தரையில் பதிந்தது. விரல்கள் பிரேக்கை முழுதாகச் சுற்றிப் பிடித்தன.

"அதுல முன் கியர் மாறாது தங்கச்சி. அதான் உள்ள போட்டு வெச்சீக்கிறேன்."

"பின் கியர்?"

"அது நல்லா மாறும்."

இந்த முறை முதலில் ஏற்றத்தில் போனேன். திரும்பி இறங்கும்போது வேண்டுமென்றே நடுவில் பிரேக் பிடித்தேன். நின்றது. விலை குறைவாக இருந்ததால் மிச்சக் காசில் இரண்டு புது டயரும் ஒரு ஹெல்மெட்டும் வாங்க முடிந்தது.

சைக்கிளை ஏற்ற முடியாது என்று பஸ் கொண்டக்டர் கையை விரித்துவிட்டார். "மெதுவா வா, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டுக் கணவர் மட்டும் ஏறிக்கொண்டார். நான் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, மடவளை வழியாக மிதித்தேன். தொடை கடுத்தது. வீதியோரத்தில் நின்று தண்ணீர் குடிக்கும்போது எதற்காகவும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது புதிதாக இருந்தது.

பொழுது சாயும்போது வீட்டை அடைந்தேன். கணவர் இன்னும் வரவில்லை. நான் குளித்துத் தேநீரும் குடித்த பிறகுதான், கட்டுகஸ்தோட்டையில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்ற களைப்போடு உள்ளே வந்தார்.

"எப்பிடி வந்த?"

"ரெண்டு எடத்துல எறங்கித் தள்ளுனேன்."

அவர் சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஹேண்டிலில் இடித்தது.

"எனக்குச் சின்னதா இருக்கே," என்றார்.

"ஒங்களுக்கு வாங்கலையே," என்றேன்.