இரண்டு சரையிலும் சிவப்புப் பூ

பௌதிகத்தோடு சேர்த்து வேறு என்ன பாடம் படிக்கலாம் என்று லண்டனில் எந்தத் தமிழ்ப் பிள்ளை வந்து கேட்டாலும், நான் சொன்ன வழி ஒருநாளும் பிழையாய்ப் போனதில்லை.

பொய். ஒரேயொரு பிள்ளைக்குத்தான் வழி சொன்னேன். அதுவும் என் சொந்த மகளுக்கு. அதுவும் பிழையான வழி. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. அப்படிப்பட்டவனின் வீட்டுக்குள் முருகன் வந்து நின்ற கதையை, கோயில் மலர் வாசிக்கும் அடியார்களே, உங்களுக்குச் சொல்லவேண்டும்.

1991 ஆவணி மாதம். அப்போது லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் குடியிருந்தோம். நான் பெட்ரோல் செட்டில் ஷிப்ட் வேலை. மகள் வதனிக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்க இடம் கிடைத்தது. ஆனந்தத்தில் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு ஒரு கடிதம் வந்தது. பௌதிகத்தோடு இன்னொரு பாடத்தையும் சேர்த்துப் பட்டம் எடுக்கலாம், எது என்று படிவத்தில் எழுதி ஒரு கிழமைக்குள் அனுப்பவேண்டும்.

கொம்பியூட்டர் என்று நான் சொன்னேன். ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற மச்சான் வீட்டில் அதை ஏற்கெனவே அறிவித்தும் விட்டேன். கொம்பியூட்டர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே மெஷின் பெட்ரோல் செட்டில் இருந்த காசு மெஷின். அது இறுகினால் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன்.

வதனி சொன்னது வேறு. கல், மண், மலை எல்லாம் எப்படி உண்டானது என்று படிக்கிற படிப்பாம்.

"கல்லுப் பொறுக்கவோ பிளேன் ஏறி வந்தனாங்கள்?" என்று கேட்டேன்.

"பொறுக்கிறதில்லை அப்பா. அது எங்கயிருந்து வந்தது எண்டு அதிட்டயே கேக்கிறது."

"கல்லு பதில் சொல்லுமோ?"

"உங்களை விட நல்லாச் சொல்லும்."

அதோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்டால்கூடத் தாயிடம்தான் கேட்டாள். எங்கள் முருகன் படம் குசினித் தட்டில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேலே இருந்தது. அதன் முன்னால் மூன்று நாள் இருந்து அழுதேன். முருகா, இவளுக்கு நல்ல புத்தியைக் கொடு. அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பதிலைக் காணவில்லை. கடைசியில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். கடதாசியில் சுற்றிய ஒரு சரையில் சிவப்புப் பூ, இன்னொரு சரையில் வெள்ளைப் பூ. சுவாமிக்கு முன்னால் வைத்து ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கவேண்டும். சிவப்பு வந்தால் கொம்பியூட்டர், வெள்ளை வந்தால் கல். முருகன் சொன்னால் கேட்கிறேன் என்று வதனியும் சம்மதித்தாள்.

பெட்ரோல் செட் வாசலில் வாளியில் விற்கிற கார்னேஷன் பூவை வாங்கிவந்தேன். சரை சுற்றியது நான். இரண்டிலும் சிவப்பை வைத்தேன். முருகனுக்கு வேலை அதிகம், ஒரு கை உதவி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி மனோ கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. வதனி பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி அப்பா" என்றாள். அழவில்லை. படிவத்தில் கொம்பியூட்டர் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி என் கையில் தந்தாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன். மற்றச் சரை படத்துக்கு முன்னாலேயே கிடந்தது. கள்ளனுக்கும் கொஞ்சம் படிப்பு வேண்டும்.

மறுநாள் காலை கடிதத்தைப் போடப் போனேன். தபால் பெட்டி எங்கள் பஸ் தரிப்புக்குப் பக்கத்தில், ஒரு வங்கிக் கட்டடத்தின் வெள்ளைக் கல் சுவரோடு நிற்கும். ஐந்து வருடமாக அந்தச் சுவரில் சாய்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறேன். அன்று கடிதத்தைப் பெட்டிக்குள் விடக் கை நீட்டியபோது கண் சுவரில் போனது. கல்லுக்குள் ஒரு சிப்பி.

யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. கல்லோடு கல்லாக இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. குனிந்து பார்த்தால் சுவர் முழுக்க. கடலில் கிடக்கவேண்டிய சாமான் வங்கிச் சுவருக்குள் எப்படிப் போனது? என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவியிடம் சுவரைக் காட்டினேன். அவ கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விலகிப் போனா.

கடிதத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

"பிள்ளை, பாங்க் சுவருக்குள்ள சிப்பி கிடக்குது. ஆர் வைச்சது?"

நாலு நாளாக என்னோடு சரியாகப் பேசாத பிள்ளை ஒரு மணித்தியாலம் பேசினாள். அந்தக் கல் ஒரு காலத்தில் கடலின் அடியாம். எந்தக் கடல், எப்ப, ஏன் வற்றியது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக இருந்த ஒரே வகுப்பு அதுதான்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அப்பா, மற்றச் சரையை நான் அண்டைக்கே பிரிச்சுப் பாத்தனான்."

அப்ப ஏன் எழுதித் தந்தாய் என்று கேட்டேன்.

"ரெண்டிலையும் சிவப்பு வைக்கிற அளவுக்கு நீங்கள் பயந்து போயிருக்கிறீங்கள் எண்டு விளங்கிச்சு. அம்மாவுக்குச் சொல்லேல்லை."

உறையைக் கிழித்தேன். அவள் கொம்பியூட்டரை வெட்டிவிட்டு மேலே மற்றதை எழுதினாள். கோடு நேராக வர அடிமட்டத்தை நான் பிடித்தேன். உயர்கல்விக்கு நான் செய்த ஒரே உதவி.

நல்ல புத்தியை அவளுக்குக் கேட்டேன். முருகன் விலாசத்தைத் திருத்தி எனக்கு அனுப்பினார். இப்போது அவள் ஒரு பெட்டியைத் தரையில் வைத்து, தோண்டாமலே நிலத்துக்கு அடியில் தண்ணீர் எங்கே என்று சொல்கிறாள். நானும் எதைக் கண்டாலும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற ஆளாகிவிட்டேன். ஆகவே அடியார்களே, மனதில் உள்ளதை அவரிடம் கேளுங்கள். கேட்டபிறகு சரையை அவரிடமே விடுங்கள். அவருக்கு உதவியாள் தேவையில்லை.

இந்த எட்டு வருடத்தில் மனோவுக்கு மட்டும் இதை இன்னும் சொல்லவில்லை. கோயில் மலரில் வருவதற்கு முன்பு எப்படியும் ஒரு நல்ல நேரம் பார்த்து

"இஞ்சாருங்கோ, நீங்கள் எழுதி மேசையில வைச்ச முதல் தாளை வாசிச்சிட்டன். ஒருக்கா குசினிக்கு வாங்கோ."