எட்டு மெஷினிலும் ஒரே லாட்

சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரை நோய் ஆராய்ச்சிக்கு இரவல் கொடுத்தால் அதனால் உருப்படியாக ஏதாவது நடக்குமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். கேள்வியில் தப்பில்லை. ஆனால் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு அது உலக சேவை. இன்னொரு கூட்டத்துக்கு அது தண்டக் கரண்ட். இரண்டு கூட்டத்திலும் நான் இருந்து பார்த்துவிட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். எட்டு மெஷின். காலையில் பத்து மணி வரையும் சாயங்காலம் நாலு மணிக்கு மேலும்தான் பிள்ளைகள் படிக்க வரும். நடுவில் எட்டும் உறை மாட்டிக்கொண்டு தூங்கும். எட்டில், என் மேஜையில் இருந்த ஒன்றில் மட்டும் இன்டர்நெட் உண்டு. அதுவும் மதுரைக்கு டயல் செய்து, லைன் கிடைத்தால்.

அந்த வருஷம்தான் அத்தானுக்கு உடம்புக்கு வந்தது. அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் ஸ்பின்னிங் மில்லில் இருந்து சூப்பர்வைசர் ஆனவர். முதலில் வலது கையில் பேனா நிற்கவில்லை. பிறகு இடது கால் தரையில் உரசியது. மதுரையில் பெரிய டாக்டரிடம் போனோம். நரம்பு செத்துக்கொண்டே வருகிறது, தசை கரைந்துகொண்டே போகும், குணமாக்க மருந்து கிடையாது என்று அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கால் எத்தனை நாள் தாங்கும் என்று அக்கா கேட்டாள். ஒரு வருஷம் நடந்தால் அதிர்ஷ்டம் என்றார்.

அக்கா வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துப் பக்கம். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு குறை. ஆடிப்பூரத் தேரை அத்தானோடு சேர்ந்து நின்று பார்த்ததே இல்லை. ஊரே லீவு விட்டாலும் மில் ஓடும், மில் ஓடினால் சூப்பர்வைசர் அங்கே நிற்க வேண்டும். மதுரையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். “இனி மில்லு கிடையாது. இந்த ஆடிக்காவது அவியளக் கூட்டிக்கிட்டு ரத வீதியில நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.” அழவில்லை. முடிவு செய்துவிட்டவளைப் போல் சொன்னாள்.

வேலையை விட்ட மனிதரால் வீட்டில் உட்கார முடியவில்லை. ஒருநாள் பஸ் ஏறி என் சென்டருக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, உறை மாட்டிய மெஷின்களைப் பார்த்தார். மில்காரர் கண்ணுக்கு நின்று கிடக்கும் மெஷின் என்றால் ஆகாது.

“இது எம்புட்டு நேரம் சும்மா கெடக்கு?” என்றார்.

அப்போதுதான் நான் அந்தப் புரோகிராமைப் பற்றிச் சொன்னேன். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்திருந்தேன். உடம்பில் இருக்கும் புரதங்கள் சரியான வடிவத்தில் மடிந்தால்தான் வேலை செய்யும். தப்பாக மடிந்தால் சில நோய்கள் வரலாம் என்கிறார்கள். எப்படி மடிகிறது என்று கணக்குப் போட வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று முயற்சி செய்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் போட்டால் ஆயுசு போதாது என்பதால் கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி, உலகம் பூராவும் சும்மா கிடக்கும் மெஷின்களுக்கு அனுப்புகிறார்கள். நாம் ஓட்டி விடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது.

“எனக்கு வந்துருக்கதும் அதுல உண்டா?”

“அந்த மாதிரி சீக்கும் ஒருநாள் வரலாம்னு போட்டுருக்கான் அத்தான். ஆனா மருந்து இல்ல. மருந்து தேடுறதுக்கு முந்தி செய்ய வேண்டிய வேல.”

“முந்தி செய்ய வேண்டியத முந்தி யாராவது செய்யணும்லா” என்றார். மறுநாள் ஒன்பது மணி பஸ்ஸுக்கே வந்துவிட்டார், கையில் புது நோட்டோடு.

இன்டர்நெட் ஒரு மெஷினில்தான் இருந்ததால், அதில் கணக்கை இறக்கி, ஃபிளாப்பியில் ஏற்றி மற்ற மெஷின்களுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு துண்டு இறங்கவே பாதி நாள் ஆனது. லைன் அறுந்து அறுந்து வந்தது. அடுத்ததுக்கும் இதே பாடா என்று நான் முனகினேன். அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எதுக்கு அடுத்தது? எட்டு மெஷினுக்கும் ஒரே லாட்டப் போடு. லாட் கலந்துறக் கூடாது.”

மில்லில் அது சாமி கும்பிடுவதற்குச் சமம். ஒன்றாக வாங்கிய ஒரு தொகுதி, அதாவது ஒரு லாட் பஞ்சு ஓடும் இடத்தில் வேறு லாட் பஞ்சு கலந்தால் நூல் சாயத்தில் பட்டை பட்டையாகத் தெரியும், மொத்தச் சரக்கும் திரும்பி வரும், சூப்பர்வைசர் தலை உருளும். அதனால் ஒரு லாட்டை எல்லா மெஷினிலும் போட்டு, கடைசி மெஷின்வரை ஓட்டி முடித்து, துடைத்த பிறகுதான் அடுத்த லாட் உள்ளே வரும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எட்டு பேர் சேர்ந்து இழுத்தால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாலு மாதம் அப்படியே ஓடியது. திரையில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று ஓர் எண் நகரும். அத்தான் மணிக்கொரு தரம் எட்டையும் சுற்றி வந்து இடது கையால் நோட்டில் எழுதுவார். கரண்ட் போய்ப் போய் வரும். வந்ததும் ஒவ்வொன்றாக எழுப்பி விடுவார். வேகமான மெஷின் முன்னாடியே முடித்துவிடும். அதன் விடையை நான் அனுப்பிவிடுவேன். ஆனாலும் கடைசிப் பழைய மெஷின் முடிக்கிறவரை அடுத்த லாட் ஏற்ற அவர் சம்மதிக்க மாட்டார். மில்லில் இருந்தபோதுகூட அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பெருமை. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று ஊரெல்லாம் பயந்து முடித்திருக்க, நாங்கள் நோய்க்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆடிப்பூரம் வந்தது. மாவட்டத்துக்கே லீவு, சென்டரும் பூட்டு. முந்தின நாள் சாயங்காலம் அத்தான் கையை நீட்டினார்.

“சாவியக் குடு. கடைசி மெஷின் தொண்ணூறத் தாண்டிட்டு. நாளைக்கு முடிஞ்சுரும்.”

“நாளைக்குத் தேரு அத்தான். அக்கா காத்துக்கிட்டு இருக்கா.”

“தேரு எங்கயும் போயிறாது. அடுத்த வருசமும் ஓடும்.”

டாக்டர் சொன்னது அவர் காதிலும் விழுந்ததுதான். எனக்கும் தெரியும். அப்படியும் சாவியைக் கொடுத்தேன். அக்கா பட்டுச்சேலை கட்டி வாசலில் காத்திருந்துவிட்டு, பிறகு பக்கத்து வீட்டுக்காரியோடு போய்த் தேர் பார்த்தாள். அத்தான் அன்றைக்குப் பூட்டிய சென்டரில் பழைய மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து அதை நூறு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் லைன் அதிசயமாக ஒழுங்காக நின்றது. இதுவரை திறக்காத விளக்கப் பக்கத்தை அன்றுதான் படித்தேன். ஒரு துண்டை ஒரே ஒரு மெஷினில்தான் ஓட்ட வேண்டும், நகல் எடுத்து ஓட்டினால் முதலில் வரும் விடையைத் தவிர மற்றவை தள்ளப்படும் என்று இருந்தது. எட்டு பேர் சேர்ந்து ஒரு மூட்டையை இழுக்கவில்லை. ஒரே மூட்டையை எட்டுப் பேரும் தனித்தனியாகச் சுமந்து ஒரே இடத்தில் போட்டிருக்கிறோம்.

மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் எதிரே அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, படிக்காமல் விட்டது நான்தான் என்றேன்.

“லாட்டு நாந்தானே சொன்னேன்” என்றார். நோட்டைப் பின்னால் புரட்டினார். “அப்ப எட்டுல ஏழு வேஸ்ட்டு.”

“ஆமா அத்தான்.”

“தேரன்னிக்கு ஓட்டுனது?”

அவரே தேதியைத் தேடிப் பார்த்தார். “அந்த லாட்ட முந்துன வாரமே வேகமான மெஷின் முடிச்சு, நீ அனுப்பிட்ட. எழுதியிருக்கேன். அன்னிக்கு நான் ஓட்டுனது யாருக்கும் வேண்டாத சரக்கு.”

எட்டு மெஷினையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, “எட்டுக்கும் எட்டு வேற வேறயாப் போட்டா, பக்கத்துல ஆளு வேணுமா?” என்று கேட்டார்.

“கரண்டு வந்தா தானா எந்திரிக்கிற மாதிரி செஞ்சுக்கலாம். அதுவும் அதுல போட்டுருக்கு.”

“அப்ப எனக்கு இங்க வேல இல்ல” என்றார். கோபமில்லை. நோட்டை மேஜையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினார். இடது காலைக் கையால் தூக்கித் தூக்கி வைத்து இறங்கினார். அது அவ்வளவு மோசமானதை அன்றுதான் கவனித்தேன். அதற்குப் பிறகு அவர் ராஜபாளையம் வரவில்லை.

நான் விடவில்லை. எட்டுக்கும் எட்டுத் துண்டு ஏற்றி, சென்டரை மூடும்வரை பல வருஷம் ஓட்டினேன். அதில் நடந்ததைச் சொல்வதென்றால், அந்த மாதிரித் திட்டங்களிலிருந்து கட்டுரைகள் வந்தன. புரதம் எப்படி மடிகிறது என்பதில் முன்னால் தெரியாத சிலது தெரிந்தது. அடிப்படை ஆராய்ச்சிக்கு அது உண்மையான உதவி, அதைக் கேலி செய்கிறவர்கள் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள். அதே சமயம் அத்தானுக்கு வந்த நோயைக் குணமாக்கும் மருந்து எதுவும் இன்றுவரை வந்ததாக நான் படிக்கவில்லை. இரண்டும் நிஜம்.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். அத்தானால் நிற்க முடியவில்லை. தெருமுனைவரை நாற்காலியில் தூக்கிப் போகிறோம் என்று பக்கத்து வீட்டு ஆட்கள் வந்தார்கள். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். தூரத்தில் வடம் பிடிக்கும் சத்தம் வந்தது. அக்கா சமையலறையில் அவருக்காகக் கஞ்சியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இப்போது எட்டு மெஷினும் ஒழுங்காக ஓடுகிறது, அன்றைக்கு வீணானதை எல்லாம் திரும்ப ஓட்டி ஈடுகட்டியாச்சு என்றேன்.

அவள் கரண்டியை வைத்தாள்.

“ஒம் மெஷினுக்கு ஈடுகட்டிட்ட. சரி. அவிய நடந்த கடைசி ஆடிய எனக்கு யாருட்டி திரும்ப ஓட்டித் தருவா?”

கஞ்சியை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனாள். நான் அடுப்படியிலேயே நின்றேன். சாவியைக் கொடுத்தது என் கை.